ஐந்தாறு வயசுப் பிள்ளைகளுக்கு ரயில் கதை: காட்பாடிப் பக்கம் எங்கிருந்து தொடங்கலாம்?

கதைக்கூடம்_காட்பாடி | ஞாயிறு, இரவு 8:40

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் தெருவில் சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கதை சொல்கிறோம். எல்.கே.ஜி.யிலிருந்து இரண்டாம் வகுப்பு வரையிலான வாண்டுகள். அடுத்த மாதம் முழுக்க ரயில்தான் என்று அவர்களே முடிவு பண்ணிவிட்டார்கள். காட்பாடியில் இருந்துகொண்டு நடுவில் ஒரு ஹாரன் சத்தம் கேட்காமல் எந்தக் கதையும் முடிவதில்லை, அதனால் ஆச்சரியம் இல்லை.

சொல்ல என்ன இருக்கிறது என்று தேடினால் எல்லா இடத்திலும் ஒரே சரக்கு. 1825, இங்கிலாந்து, ஸ்டீபன்சன். 1853 ஏப்ரல் 16, பம்பாய் போரிபந்தரிலிருந்து தாணே வரை 34 கிலோமீட்டர். அப்புறம் ‘ரயிலின் பயன்கள்’ என்று ஐந்து வரி, மனப்பாடம் செய்ய. போன தீபாவளியையே ‘நேத்து’ என்று சொல்கிற குழந்தைக்கு 1853 என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் ஆகும்? ‘ரயில் முக்கியமானது’ என்று நான் சொல்லாமல் அவர்களே கண்டுபிடிக்க வழி உண்டா?

என்ன காட்டலாம், எதை விடலாம், சொல்லுங்கள்.

வாலாஜாக்காரன் | ஞாயிறு, இரவு 9:25

அக்கா, பம்பாய் வரைக்கும் ஏன் போகணும்? தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் நம் ஜில்லாவுக்குத்தான் வந்தது. 1856 ஜூலை 1. சென்னை ராயபுரத்தில் கிளம்பி வாலாஜா ரோடு வரை, கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர். மெட்ராஸ் ரயில்வே கம்பெனி போட்ட பாதை. பெட்டிகளைச் செய்தது சென்னையின் சிம்ப்சன் கம்பெனி, அதுவரை குதிரை வண்டி செய்துகொண்டிருந்தவர்கள். ராயபுரம் ஸ்டேஷன் கட்டடம் இன்றும் நிற்கிறது.

பம்பாய்க்காரர்களிடம் வம்பிழுக்க இன்னொன்று. 1837லேயே செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் கருங்கல் கொண்டுவரத் தண்டவாளம் போட்டாகிவிட்டது. பெரும்பாலும் மாடு இழுத்த வண்டிகள்தான். தண்டவாளம் முன்னால் வந்தது, எஞ்சின் பின்னால் வந்தது. இது பெரியவர்களே யோசிக்காத விஷயம், பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

வருஷம் புரியாது என்கிறீர்கள், சரி. வேலூர்க் கோட்டையை எல்லாக் குழந்தையும் பார்த்திருக்கும் இல்லையா? அங்கே 1806 ஜூலை 10 விடியற்காலையில் சிப்பாய்கள் வெள்ளைக்காரர்களை எதிர்த்துக் கலகம் செய்தார்கள். சேதி ஆற்காட்டுக்குக் குதிரையில் போனது. ஆற்காட்டிலிருந்து வெள்ளைக்காரத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு புறப்பட்டு வந்தான். சுமார் 25 கிலோமீட்டர். அன்றைக்கு உலகத்தில் மனிதன் போகக்கூடிய பெரிய வேகமே குதிரை வேகம்தான். சரியாக ஐம்பது வருஷம் கழித்து, அதே ஜூலை மாதம், அதே ஆற்காட்டுப் பக்கம் ரயில் வந்து நிற்கிறது. குதிரை, அப்புறம் ரயில். இதைவிட நல்ல கதை எங்கே கிடைக்கும்?

ரெண்டு_வாலு_அம்மா | ஞாயிறு, இரவு 9:50

//தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் நம் ஜில்லாவுக்குத்தான் வந்தது//

எங்க பெரியவன் பொது அறிவுப் புத்தகத்துல ராயபுரம் டு ஆம்பூர்னு போட்டிருக்கே? எங்க வீட்டுக்காரர் ஆம்பூர், ‘முதல் ரயில் பிரியாணிக்குத்தான் வந்துச்சு’ன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறாரு 😄

வாலாஜாக்காரன் | ஞாயிறு, இரவு 10:02

அண்ணன் சந்தோஷத்தைக் கெடுக்க மனசில்லை. ஆனால் 1856இல் தண்டவாளமே வாலாஜா ரோடோடு முடிந்தது. ஆம்பூருக்கு எதில் போவது? வாலாஜா ரோடு ஸ்டேஷன் பக்கத்தில் அம்மூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் எழுதின ஸ்பெல்லிங்கில் அம்மூரும் ஆம்பூரும் குழம்பியிருக்கும் என்பது என் கணக்கு. ஆம்பூருக்குப் பாதை அதற்கப்புறம் வந்தது. 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மென்ட்டுக்கே வண்டி போய்விட்டது.

பாலாத்தங்கரை | திங்கள், காலை 6:15

வாலாஜாக்காரரே, குதிரைக் கதை நன்றாகத்தான் இருக்கிறது. அந்தக் குதிரையில் வந்தவன் என்ன செய்ய வந்தான்? கோட்டைக்குள் நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் அன்றைக்குக் கொல்லப்பட்டார்கள். ஐந்து வயசுப் பிள்ளை ‘அந்த மாமா எதுக்கு அவ்ளோ வேகமா வந்தாரு?’ என்று கட்டாயம் கேட்கும். கேட்டால் கதைக்கூடம் மேடம் என்ன சொல்வார்? வேகத்தை விளக்கப் போய் வெள்ளைக்காரத் தளபதியைக் கதாநாயகன் ஆக்கிவிடுவோம்.

ரயில் விஷயத்திலும் அதே பார்வைதான் வருகிறது. ‘வெள்ளைக்காரன் நமக்கு ரயில் கொடுத்துட்டுப் போனான்’ என்கிற பேச்சு. கொடுக்கவில்லை. கம்பெனிகளில் பணம் போட்டவர்களுக்கு வருஷத்துக்கு 5 சதவீதம் லாபம் உறுதி என்று அரசாங்கம் எழுதிக் கொடுத்தது. லாபம் வராத வருஷம் நம் மக்கள் கட்டின வரியிலிருந்து ஈடு கட்டினார்கள். தண்டவாளத்துக்கு அடியில் போட்ட கட்டையும், ஆரம்ப கால எஞ்சினில் எரித்த விறகும் நம் காட்டு மரம். 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் வட ஆற்காடு மோசமாக அடிபட்டது. ரயில் தானியம் கொண்டுவந்தது உண்மை. விலை ஏறின இடத்துக்குத் தானியத்தை அள்ளிக்கொண்டு போனதும் அதே ரயில்தான். இதையெல்லாம் விட்டுவிட்டுக் கூ சிக்குபுக்கு என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால் அது வரலாறு இல்லை.

ரெண்டு_வாலு_அம்மா | திங்கள், காலை 7:30

சார், எல்.கே.ஜி. பிள்ளைக்கு 5 சதவீதமா? அது இன்னும் அஞ்சு விரலையே சரியா எண்ணல.

பாலாத்தங்கரை | திங்கள், காலை 7:41

சதவீதம் வேண்டாம். ‘இந்தத் தண்டவாளத்தை யார் போட்டாங்க?’ என்று ஒரு கேள்வி போதும். புத்தகங்களில் கவர்னர் ஹாரிஸ் பேர் இருக்கும். மண் சுமந்தவர்கள், கல் உடைத்தவர்கள், பொன்னையாற்றில் பாலத்துக்குக் குழி தோண்டியவர்கள் பேர் எங்கும் இருக்காது. நம் கொள்ளுத் தாத்தாக்கள் என்று சொல்லுங்கள். ஐந்து வயசுக்கு அது புரியும்.

ரிட்டையர்டு_கார்டு_ஜோலார்பேட்டை | திங்கள், காலை 10:20

எல்லாருக்கும் வணக்கம்பா. நான் கார்டா இருந்து ரிட்டையர் ஆனவன். இப்ப அந்த வேலைக்கு டிரெயின் மேனேஜர்னு பேரு மாத்திட்டாங்க, எனக்கு வாயில வரமாட்டேங்குது.

பசங்களுக்கு வரலாறு சொல்றதுக்கு முன்னாடி ரயிலப் பாக்கக் கத்துக்குடும்மா. பாத்தா வரலாறு தானா வரும். ஒவ்வொரு வண்டியிலயும் கடைசிப் பெட்டிக்குப் பின்னால மஞ்சளா பெருசா ஒரு பெருக்கல் குறி இருக்கும். அது எதுக்குன்னு கேளு, பெரியவங்களுக்கே தெரியாது. வண்டி முழுசா வந்துடுச்சு, நடுவுல எந்தப் பெட்டியும் கழண்டு நிக்கலன்னு ஸ்டேஷன்ல இருக்கறவர் பாத்து உறுதி பண்ணிக்கிறதுக்கு. அந்தக் குறி இல்லாம ஒரு வண்டி தாண்டிப் போச்சுன்னா பின்னால பாதையில பெட்டி எங்கியோ நிக்குதுன்னு அர்த்தம், அடுத்த வண்டிய விட மாட்டாங்க. இதக் கத்துக்கிட்ட பிள்ள அப்புறம் எந்த வண்டியப் பாத்தாலும் கடைசிப் பெட்டி போற வரைக்கும் நின்னு பாக்கும்.

உங்க கதைக்கு நடுவுல ஹாரன் அடிக்கிறாங்கல்ல? அதுவும் சும்மா இல்ல. ரயில்வே கேட்டுக்கு முன்னாடி தண்டவாளத்து ஓரமா ஒரு மஞ்சப் பலகை நட்டிருக்கும். அதப் பாத்ததும் லோகோ பைலட், அதான் டிரைவர், ஹாரன் குடுத்தே ஆகணும்.

கைகாட்டி மரம்னு பழைய சிக்னல் இப்ப இல்ல, எல்லாம் கலர் லைட்டு. அட்டையில வெட்டி நூல் கட்டிக் குடுத்தீங்கன்னா விளையாடுவாங்க. கை நேரா இருந்தா நில்லு, எறங்கினா போ. ரொம்பப் பழசு அது. கரி வண்டி காலத்துல ஜோலார்பேட்டையில எஞ்சின் ஷெட் இருந்துச்சு. கரி போட்டு, தண்ணி ஏத்தி, சாம்பல் தட்டிட்டுத்தான் எஞ்சின் கிளம்பும். ஃபயர்மேன் மொகத்துல பல்லு மட்டுந்தான் வெள்ளையா தெரியும்.

ஒரே ஒரு விஷயம் கண்டிப்பா. தண்டவாளத்துல காசு வச்சு நசுக்கின கதைய யாரும் பிள்ளைங்ககிட்ட பெருமையா சொல்லாதீங்க. பாதி தாத்தாங்க இதத்தான் சொல்றாங்க.

ஆம்பூர்_அறிவியல் | திங்கள், மதியம் 1:05

கார்டு ஐயா பதிவை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டேன்.

நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுக்கிறேன். சின்ன வகுப்புகளுக்குச் செய்து காட்டுகிற ஒன்று சொல்கிறேன். இரண்டு காகித டீ கப்பை வாயோடு வாய் வைத்து ஒட்டுங்கள். நடுவில் பருத்து இரண்டு பக்கமும் மெலிந்து ஓர் உருளை கிடைக்கும். இரண்டு நீள ஒட்டடைக் கம்பைத் தண்டவாளம் மாதிரி சரிவாக வைத்து அதன்மேல் உருட்டுங்கள். கோணலாக வைத்தால்கூட ஆடி ஆடித் தன்னைத்தானே நடுவுக்குக் கொண்டுவந்து ஓடும். இப்போது இன்னும் இரண்டு கப்பை அடியோடு அடி ஒட்டி உருட்டுங்கள். இரண்டு முழம் போவதற்குள் கவிழும். ரயில் சக்கரமும் உள்பக்கம் கொஞ்சம் பெரிசாக, வெளிப்பக்கம் சிறிசாகத்தான் கடைந்திருக்கும். ஒரு பக்கம் விலகினால் அந்தப் பக்கத்துச் சக்கரம் பெரிய வட்டத்தில் உருண்டு முந்திப் போகும், வண்டி நடுவுக்குத் திரும்பும். ஓரத்தில் இருக்கிற விளிம்பு கடைசிப் பாதுகாப்பு. ரயிலுக்கு ஸ்டியரிங் எங்கே என்று கேட்காத குழந்தை கிடையாது. அதற்கு இந்தக் கப்தான் பதில்.

நீராவிக்கு வீட்டுக் குக்கர் போதும். விசில் தூக்குவது எது என்று கேட்டுவிட்டு, அதே ஆவியை ஒரு குழாய்க்குள் விட்டுத் தண்டைத் தள்ளச் சொன்னால் சக்கரம் சுற்றும் என்று படம் போடலாம். பக்கத்தில் விட வேண்டாம், தூரத்திலிருந்து பார்த்தால் போதும்.

இன்னொன்று, பழைய ஆட்கள் ரயிலைப் போலச் செய்து காட்டினால் ‘தடக் தடக்’ என்பார்கள். இப்போதைய பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் அவ்வளவு தெரியாது. முன்பு 13 மீட்டர் தண்டவாளத் துண்டுகளை ஃபிஷ்பிளேட் என்கிற இணைப்புத் தகடு வைத்து முடுக்குவார்கள். வெயிலில் இரும்பு நீளும் என்பதால் துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி. வேலூர் வெயிலுக்கு அது இல்லாமல் முடியாது! சக்கரம் அந்த இடைவெளியைத் தாண்டும்போதுதான் ‘தடக்’. இப்போது நீளமாகப் பற்றவைத்து, கான்கிரீட் கட்டையில் கிளிப் போட்டு இறுக்கிப் பிடித்துவிடுகிறார்கள். தாத்தாவின் ரயில் சத்தத்தையும் இன்றைய ரயில் சத்தத்தையும் வாயால் செய்து காட்டச் சொல்லுங்கள். அதுவே ஒரு வரலாற்றுப் பாடம்.

‘ரயிலைக் கண்டுபிடித்தவர் ஸ்டீபன்சன்’ என்று மட்டும் எழுத வைக்காதீர்கள். அவருக்கு இருபது வருஷம் முன்னால், 1804இல், வேல்ஸில் டிரெவிதிக் நீராவி எஞ்சினைத் தண்டவாளத்தில் ஓட்டிவிட்டார். அவர் எஞ்சின் கனம் தாங்காமல் தண்டவாளம் உடைந்தது என்று சொல்லிப் பாருங்கள், வகுப்பே சிரிக்கும்.

கதைக்கூடம்_காட்பாடி | திங்கள், இரவு 9:10

ஒரே நாளில் இவ்வளவா! எல்லாருக்கும் நன்றி.

கில்லெஸ்பியை விட்டுவிடுகிறேன். பாலாத்தங்கரை சார் சொன்ன கேள்வி நிச்சயம் வரும், அதற்கு நேர்மையான பதில் இந்த வயசுக்கு வேண்டாம். பதிலாக மாட்டு வண்டி. காட்பாடியிலிருந்து சென்னை சுமார் 130 கிலோமீட்டர். மாடு ஒரு நாளைக்கு 25, 30 கிலோமீட்டர் இழுத்தால் நாலைந்து நாள். தெருவில் சாக்பீஸால் கோடு போட்டு, ஒவ்வொரு ராத்திரியும் எங்கே தங்குவார்கள், என்ன சாப்பிடுவார்கள், மாட்டுக்கு யார் தண்ணி காட்டுவார்கள் என்று விளையாடலாம். அதே கோட்டில் ரயிலாக ஓடினால் இரண்டே மணி நேரம். பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருவர் வந்து உட்காரச் சம்மதித்திருக்கிறார். மெயின் லைனில் பெரிய வண்டியை விட்டு இறங்கி, காட்பாடியில் மீட்டர் கேஜ் வண்டிக்கு மூட்டை முடிச்சோடு மாறி வேலூர் கண்டோன்மென்ட் போனதை அவர் சொன்னாலே ஒரு வாரம் ஓடும்.

அதற்காகத் தரையில் இரண்டு பாதை வரையலாம் என்றிருக்கிறேன். இரண்டு தண்டவாளத்துக்கு நடுவே உள்ள அகலம் மீட்டர் கேஜில் 1,000 மில்லிமீட்டர், அகலப்பாதையில் 1,676 மில்லிமீட்டர். குழந்தைகளைக் குறுக்கே படுக்க வைத்தால், மீட்டர் கேஜ் ஏறக்குறைய அவர்கள் உயரம், அகலப்பாதை அப்பா உயரம். நன்றாக இருக்கும் இல்லையா?

ரிட்டையர்டு_கார்டு_ஜோலார்பேட்டை | திங்கள், இரவு 9:32

வேண்டாம்மா. கோடா இருந்தாலும் தண்டவாளத்துக்குக் குறுக்க பிள்ளைங்கள படுக்க வைக்காதீங்க. என் சர்வீஸ்ல நான் பாத்தத இங்க எழுத முடியாது. அளவுதானே, ரெண்டு கயிறு வெட்டிக் குடுங்க. சின்னக் கயித்த சுவத்துல நிறுத்தி அவங்க நிக்கட்டும், பெரிய கயித்துக்கு அப்பாவக் கூப்பிடட்டும்.

அப்படியே இதையும் சேத்துக்கங்க. முழு வேகத்துல வர்ற வண்டிக்கு பிரேக் போட்டா அந்த எடத்துலயே நிக்காது, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஓடித்தான் நிக்கும். டிரைவர் உங்களப் பாத்துட்டாலும் ஒண்ணும் பண்ண முடியாது. மேல போற கம்பில 25,000 வோல்ட். பட்டம் மாட்டிக்கிட்டா விட்டுட்டு வரணும். அப்புறம் கல்லு. வந்தே பாரத்து மேல கல்லு எறியறது இப்ப ஒரு கேடுகெட்ட பழக்கமாப் போச்சு. உள்ள ஜன்னலோரமா ஒரு பாப்பா உக்காந்திருக்கும்னு ஆறு வயசுல சொல்லிட்டா பதினாலு வயசுல எறிய மாட்டான்.

கதைக்கூடம்_காட்பாடி | திங்கள், இரவு 9:40

கயிறு. சரிங்க ஐயா, கயிறேதான்.

சும்மா_வேடிக்கை | திங்கள், இரவு 11:15

இவ்ளோ பேசறீங்களே, இந்தப் பசங்க ரயிலையே போன்லதான் பாக்குதுங்க. ஏசி பெட்டி கண்ணாடிக்கு உள்ள உக்காந்து வீடியோல ரயில் பாத்த குழந்தைய நான் பாத்திருக்கேன்.

வாலாஜாக்காரன் | செவ்வாய், காலை 8:20

முக்கியத்துவம் பற்றி யாரும் பேசவில்லையே. 2019 ஜூலையை மறந்துவிட்டோமா? சென்னையில் ஏரிகள் வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்துதான் தண்ணி ரயில் போனது. ஜூலை 12, முதல் வண்டி. 50 வேகன், 25 லட்சம் லிட்டர், வில்லிவாக்கத்தில் இறக்கினார்கள். காவிரித் தண்ணி, மேட்டூரிலிருந்து குழாயில் வந்தது. அப்போது ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். பழுப்பு நிற டாங்கர் வேகன்கள், வாழைத்தோரணம் கட்டி, கோவில் திருவிழா மாதிரி கூட்டம்.

25 லட்சம் என்றால் பிள்ளைகளுக்குப் புரியாது. வீட்டுக்கு வரும் 20 லிட்டர் கேன் கணக்கில் 1,25,000 கேன். 12,000 லிட்டர் லாரியில் ஏற்றினால் இருநூறுக்கு மேல் லாரி, இருநூறு டிரைவர். ரயிலில் ஓர் எஞ்சின். கேனைச் சுவரில் வரைய ஆரம்பித்தால் தெரு முழுக்க வரைந்தாலும் தீராது, வரையட்டும்! முக்கியத்துவம் என்று ஒரு வார்த்தை நீங்கள் சொல்ல வேண்டியிருக்காது.

பாலாத்தங்கரை | செவ்வாய், காலை 9:05

நல்ல உதாரணம். ‘பாலாறே மணலாக் கிடக்குது, நம்ம ஊருக்குத் தண்ணி எங்கே?’ என்று அப்போது இங்கே கேட்டவர்களும் உண்டு என்று சேர்த்துச் சொல்லுங்கள். வேலூருக்கும் காட்பாடிக்கும் நடுவே ரயில் பாலத்தில் போகும்போது கீழே பார்த்தாலே பிள்ளைகளுக்குக் கேள்வி வந்துவிடும்.

வாலாஜாக்காரன் | செவ்வாய், காலை 9:12

சார், நீங்க எதைக் கொடுத்தாலும் அடியில கல் இருக்குதான்னு பாக்கறீங்க 🙂

பாலாத்தங்கரை | செவ்வாய், காலை 9:30

அரிசின்னா பாத்துத்தான் ஆகணும் தம்பி.

ஆனால் ரயிலைத் திட்டுவது என் நோக்கம் இல்லை. ரயிலுக்கு நான் கொடுக்கிற பெரிய மார்க் எதற்கு என்றால், மூன்றாம் வகுப்புப் பெட்டிக்கு. தெருவில் ஒதுங்கி நடக்கச் சொன்னவனும் ஒதுங்கி நடந்தவனும் ஒரே பலகையில் இடித்துக்கொண்டு உட்கார வேண்டி வந்தது. அதையும் முழுசாக விடவில்லை, ஸ்டேஷன் சாப்பாட்டு விடுதிகளில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம் என்று பலகை வைத்திருந்தார்கள். அதை எதிர்த்துப் பெரியார் குரல் எழுப்பி, 1941இல் அது போனது. இது ஆறு வயசுக்கு எட்டும் விஷயம்தான். ‘ரெண்டு பேரும் பக்கத்துல உக்காந்து சாப்பிடக் கூடாதுன்னு முன்னாடி ஒரு பலகை இருந்துச்சு’ என்று சொல்லுங்கள். பிள்ளைகளுக்குக் கோபம் வரும். நியாயத்தைப் பொறுத்தவரை பெரியவர்களைவிட அவர்களுக்குத்தான் வேகம் ஜாஸ்தி.

ஆம்பூர்_அறிவியல் | செவ்வாய், மாலை 5:45

இந்த இடத்தில் நான் பாலாத்தங்கரை சார் பக்கம். பஞ்சமும் வரிப்பணமும் நாலாம் வகுப்புக்கு மேல். பலகைக் கதை இப்போதே சொல்லலாம்.

சின்னப் பிள்ளைகளைத் தூக்கிவிடுகிற இன்னொரு பொருள்: கடிகாரம். 1906 ஜனவரி 1 அன்று இந்தியா முழுக்க ஒரே நேரம் என்று ஆவதற்கு முன்னால் ரயில்கள் ஓடியது மெட்ராஸ் நேரத்தில். பம்பாயில் ஊர்க் கடிகாரம் ஒன்று சொல்லும், ஸ்டேஷன் கடிகாரம் இன்னொன்று சொல்லும். இரண்டு பொம்மைக் கடிகாரம் வைத்து ‘எந்த நேரத்துக்குக் கிளம்பினால் வண்டியைப் பிடிக்கலாம்?’ என்று விளையாடலாம். மணி பார்க்கக் கற்றுக்கொள்கிற இரண்டாம் வகுப்புக்குச் சரியாக இருக்கும். எல்.கே.ஜி.க்கு வேண்டாம்.

சி.எம்.சி_பக்கத்து_மெடிக்கல் | செவ்வாய், இரவு 10:30

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். ரயில் எதற்கு என்று பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் ஹவுரா, கவுகாத்திப் பக்கத்து வண்டி வரும் நேரத்தில் காட்பாடி ஸ்டேஷன் வெளியே கொஞ்சம் நின்றால் போதும். மேற்கு வங்கம், அசாம், ஜார்க்கண்டிலிருந்து ஒன்றரை நாள், இரண்டு நாள் உட்கார்ந்து வந்து இறங்குகிறார்கள், கையில் ஸ்கேன் ரிப்போர்ட் கவரோடு. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் கடைப் பலகை வங்காளத்தில் இருக்கிறதே, மீன் குழம்பும் சாதமும் என்று மெஸ் இருக்கிறதே, ஏன் என்று கேளுங்கள். ஐடா ஸ்கடர் 1900இல் தொடங்கின சின்ன மருத்துவமனைக்கு இன்று இத்தனை தூரத்திலிருந்து ஆள் வர முடிகிறதென்றால், படுத்துக்கொண்டு வரக்கூடிய மலிவான வண்டி ஒன்று இருப்பதால்தான். உடம்பு முடியாதவரை இரண்டு நாள் பஸ்ஸில் உட்கார வைக்க முடியுமா?

நானும் வங்காளம் கடையில்தான் கற்றுக்கொண்டேன், மாத்திரை எத்தனை வேளை என்று சொல்லும் அளவுக்கு.

ரெண்டு_வாலு_அம்மா | செவ்வாய், இரவு 10:48

இது எனக்கே தோணலீங்க. என் சின்னது ஆட்டோ ஸ்டாண்டுல ‘அவங்க என்ன பேசறாங்க, ஏன் வந்தாங்க’ன்னு கேட்டப்ப ‘ஊரு சுத்த வந்திருக்காங்க’ன்னு சொல்லி வாய அடைச்சிருந்தேன்.

சரி, நேர்ல கூட்டிட்டுப் போறதப் பத்தி யாராவது சொல்லுங்க. எங்க பெரியவன் படிச்ச ஒரு பள்ளிக்கூடத்துல ‘ரயில் சுற்றுலா’ன்னு காசு வாங்கிட்டு, பிளாட்பாரத்துல வரிசையா உக்கார வச்சு ஒர்க்‌ஷீட் நிரப்ப வச்சுத் திருப்பிக் கூட்டிட்டு வந்துட்டாங்க. வண்டி வர்றப்ப எல்லாம் தலையக் குனிஞ்சு கலர் அடிச்சிட்டு இருந்துச்சாம்.

ரிட்டையர்டு_கார்டு_ஜோலார்பேட்டை | புதன், காலை 7:00

தாயீ, ஒர்க்‌ஷீட்ட வீட்டுல வச்சுட்டு வாங்க.

ரெண்டு வழி இருக்கு. குட்டிங்களுக்கு வேலூர் கண்டோன்மென்ட்ல ஏறி காட்பாடியில எறங்கறது. பத்து கிலோமீட்டர் அளவுதான், அழுதாலும் சமாளிக்கலாம், நடுவுல பாலாத்துப் பாலம் வரும். கொஞ்சம் பெரிசுங்களுக்கு காட்பாடியிலேர்ந்து ஜோலார்பேட்டை, மெமு வண்டியில. ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் நிக்கும், அதான் வேணும். லத்தேரி, காவனூர், குடியாத்தம், வளத்தூர், மேல்பட்டி, பச்சகுப்பம், ஆம்பூர், விண்ணமங்கலம், வாணியம்பாடி, கேத்தாண்டப்பட்டி. பேர உரக்கப் படிக்கச் சொல்லுங்க, மஞ்சப் பலகையில தமிழ், இந்தி, இங்கிலீஷ் மூணுலயும் இருக்கும், தமிழ்ப் படிக்கத் தெரிஞ்ச பிள்ளைக்கு இதவிட நல்ல வாசிப்புப் புத்தகம் கிடையாது. பலகையில கீழ கடல் மட்டத்துலேர்ந்து எவ்ளோ உயரம்னு போட்டிருக்கும். காட்பாடியில குறிச்சுக்கிட்டு ஜோலார்பேட்டையில பாருங்க, எவ்ளோ ஏறி வந்திருக்கோம்னு அதுங்களே கழிச்சுச் சொல்லும். ஏலகிரி மலை அங்கயே எதிர்ல நிக்கும்.

ஸ்டேஷன் கோடும் ஒரு விளையாட்டு. காட்பாடிக்கு கேபிடி, ஆம்பூருக்கு ஏபி, வாணியம்பாடிக்கு விஎன், குடியாத்தத்துக்கு ஜிஒய்எம். ஜோலார்பேட்டை ஜேடிஜே, அரக்கோணம் ஏஜேஜே. கடைசி ரெண்டுலயும் ஜே எதுக்குன்னு யோசிக்கட்டும், ஜங்ஷன்.

அஞ்சு வயசுக்குக் கீழ டிக்கெட் வேண்டாம். அஞ்சுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் சாதா பெட்டியில அரை டிக்கெட். உள்ள வந்து சும்மா பாக்கறதுக்குன்னா பெரியவங்களுக்குப் பிளாட்பாரம் டிக்கெட் பத்து ரூபா, ரெண்டு மணி நேரம் செல்லும். டிக்கெட்டப் பிள்ளைங்களையே கவுன்ட்டர்ல வாங்கச் சொல்லுங்க, கை எட்டாட்டியும் தூக்கிப் பிடிங்க.

வாலாஜாக்காரன் | புதன், காலை 8:40

ஜோலார்பேட்டை போகிறவர்கள் ஒரு தடவை எதிர்ப்பக்கமும் வாருங்கள், வாலாஜா ரோடு வரை. பெரிசாகப் பார்க்க ஒன்றுமில்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சாதாரண ஸ்டேஷன்தான், ஏலகிரி எக்ஸ்பிரஸ் நிற்கும், பாதி வண்டி நிற்காமல் பறக்கும். 1856இல் இங்கேதான் தண்டவாளம் முடிந்தது, இதற்கு அப்பால் மாட்டு வண்டிதான் என்று சொல்லிவிட்டு, மேற்கே பார்த்து நிற்க வைத்தால் போதும். அடிக்கடி வண்டி வரும் லைன், ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டியிருக்காது.

இன்னும் பெரிசாகப் பார்க்க ஆசைப்பட்டால் சென்னையில் ஐ.சி.எஃப். என்கிற ரயில் பெட்டித் தொழிற்சாலை பக்கத்தில் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது, பழைய எஞ்சின்களைத் தொட்டே பார்க்கலாம், குட்டி ரயிலும் உண்டு. 1955இல் தொடங்கின அந்தத் தொழிற்சாலையில்தான் வந்தே பாரத் பெட்டியும் செய்தார்கள். சென்னை–மைசூர் வந்தே பாரத் 2022 நவம்பரிலிருந்து காட்பாடியில் நின்று போகிறது.

கதைக்கூடம்_காட்பாடி | புதன், இரவு 9:20

முதல் சனி: மாட்டு வண்டியும் பாட்டியும். கயிறு அளவும் அன்றைக்கே. அடுத்தது டீ கப் சக்கரம், அட்டைக் கைகாட்டி, தாத்தா சத்தம், இன்றைய சத்தம். அதற்கடுத்த சனி கேன் வரைவது, சாப்பாட்டுப் பலகைக் கதை, ‘யார் போட்டாங்க?’ கேள்வி. கடைசி வாரம் ஞாயிற்றுக்கிழமை, கண்டோன்மென்ட்டிலிருந்து காட்பாடிக்கு வண்டியில். பெரிய பிள்ளைகளை மட்டும் இன்னொரு நாள் ஜோலார்பேட்டை அழைத்துப் போவோம். ஸ்டீபன்சனும் தாணேயும் கேட்டால் மட்டும் சொல்வேன்.

கார்டு ஐயா, ஜோலார்பேட்டை வரும்போது நீங்கள் பிளாட்பாரத்துக்கு வருவீர்களா? பிள்ளைகள் நேரில் கேட்க ஆசைப்படுவார்கள்.

ரிட்டையர்டு_கார்டு_ஜோலார்பேட்டை | வியாழன், காலை 6:10

வர்றேன்மா. பச்சைக் கொடியும் செவப்புக் கொடியும் வீட்டுல இருக்கு, விசில்கூட இருக்கு. ஆனா பிளாட்பாரத்துல அதெல்லாம் எடுத்து ஆட்டக்கூடாது, நெஜ வண்டிக்குக் குழப்பம் ஆயிடும். ஸ்டேஷனுக்கு வெளிய வேப்பமரத்தடியில வச்சுக்கலாம். எந்த வண்டின்னு முந்தின நாளே சொல்லிடுங்க, பிள்ளைங்களுக்குத் தொப்பியும் தண்ணி பாட்டிலும் மறக்காதீங்க. மத்தியான வெயில்ல வராதீங்க.

ரெண்டு_வாலு_அம்மா | வியாழன், காலை 7:15

நாங்க குடியாத்தத்துல ஏறிக்கலாமா? கடைசிப் பெட்டியில நிக்கறோம், பெருக்கல் குறிகிட்ட.

கதைக்கூடம்_காட்பாடி | வியாழன், காலை 7:22

ஏறிக்கோங்க. உங்க ரெண்டு வாலுக்கும் அரை டிக்கெட்டா, டிக்கெட்டே வேண்டாமா என்று மட்டும் பார்த்துக்கோங்க.